‘ரெட் ரெட் வைன்’ யாருடைய பாட்டு?

உங்கள் கேள்வியில் மூன்று பெயர்கள் வருகின்றன. ‘ரெட் ரெட் வைன்’ பாட்டை பாப் மார்லிதான் பாடினார் என்று மாமா சாதிக்கிறார், இணையத்தில் தேடினால் நீல் டயமண்ட் எழுதியது என்று வருகிறது, வீடியோவில் பாடுகிறவர்களோ யூபி40 என்ற குழு. இதில் எது அசல், காப்பி என்றால் ஒரு காப்பிப் பாட்டு எப்படி நாற்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இது இரண்டு கேள்வி. யார் எழுதினார், யார் எப்போது பாடினார் என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது, அதைத் தயங்காமல் சொல்லிவிடலாம். ஏன் இன்னும் ஓடுகிறது என்பதற்குப் பதிவு கிடையாது, காதுதான் சாட்சி. நான் இருபது வருடத்துக்கு மேல் ஹோட்டல் பேண்டுகளில் பாஸ் கிட்டார் வாசித்தவன். வாரத்துக்கு இரண்டு தடவையாவது யாராவது ஒரு டிஷ்யூ பேப்பரில் இந்தப் பாட்டின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். அந்த அனுபவத்தில்தான் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன். இசை ஆராய்ச்சியாளன் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் மாமாவின் கணக்கை முடித்துவிடுவோம். பாப் மார்லி 1981 மே 11 அன்று மயாமியில் இறந்தார். நீங்கள் கேட்கிற பதிவு வெளியானது 1983-ல். அவ்வளவுதான், அதற்கு மேல் வாதம் வேண்டியதில்லை. ஆனால் மாமாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். கணினியிலிருந்து கணினிக்கு எம்பி3 கைமாறிய காலத்தில், ஜமைக்காவில் பிறந்த ரெக்கே இசை மாதிரி எது காதில் விழுந்தாலும், அதன் மிகப் பிரபலமான பாடகரான ‘பாப் மார்லி’ பெயரைப் போட்டுச் சேமித்துவிடுவார்கள். எண்பதுகளில் வந்த நல்ல மெலடி எதுவானாலும் நாம் இளையராஜா கணக்கில் எழுதிவிடுவதில்லையா, அந்த மாதிரிதான். சங்கர் கணேஷும் சந்திரபோஸும் போட்ட பாட்டுகள் எத்தனை அப்படிப் பெயர் மாறிக் கிடக்கின்றன!

பாட்டை எழுதியது, முதலில் பாடியது இரண்டுமே நீல் டயமண்ட்தான். நியூயார்க் புரூக்ளினில் பிறந்த அமெரிக்கர். 1967-ல் பேங் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ‘ஜஸ்ட் ஃபார் யூ’ ஆல்பத்தில் இந்தப் பாட்டு இருக்கிறது. தயாரித்தவர்கள் ஜெஃப் பேரியும் எல்லி கிரீன்விச்சும். அதைக் கேட்டுப் பாருங்கள், ரெக்கேயின் வாடையே இருக்காது. காதலியை இழந்தவன் ஒருவன் தனியாக உட்கார்ந்து குடிக்கிறான். அவளை மறக்க வைக்கிற ஒரே துணை நீதான், பக்கத்திலேயே இரு என்று மதுவிடம் கெஞ்சுகிறான். முழுக்க முழுக்கச் சோகப் பாட்டு, பாடியிருப்பதும் சோகமாகத்தான். டயமண்ட் அந்தக் கம்பெனியை விட்டு வெளியேறிய பிறகு, 1968-ல், அவரைக் கேட்காமலே பின்னணியில் ஒரு கோரஸைச் சேர்த்து சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டு ரெக்கார்டாக, வெளியிட்டார்கள். அமெரிக்கப் பிரபலப் பாட்டுகளின் பட்டியலில் 62-வது இடம்வரை போய் நின்றுவிட்டது. அத்தோடு மறந்துபோயிருக்க வேண்டிய பாட்டு.

மறந்துபோகாமல் காப்பாற்றியது ஜமைக்காக்காரர்களின் ஒரு பழைய பழக்கம். அமெரிக்கத் தெற்கிலிருந்து ராத்திரியில் காற்றில் வரும் வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். பிடித்த அமெரிக்கப் பாட்டைத் தங்கள் தாளத்தில் உட்கார வைத்துப் பாடிவிடுவது அங்கே சர்வ சாதாரணம். ரெக்கேக்கு முந்தைய நடைகளான ஸ்காவில் செய்தார்கள், ராக்ஸ்டெடியில் செய்தார்கள், 1968 வாக்கில் ரெக்கே என்று பெயர் மாறியபோதும் செய்தார்கள். அசலைப் பாடியவர் யார் என்று பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள், ஆடுவதற்குத் தோதாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இங்கிலாந்தில் குடியேறிய ஜமைக்கர்களும் இந்தப் பழக்கத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களுக்காக ரெக்கார்டு போட்ட லண்டன் கம்பெனிதான் ட்ரோஜன். அதை நடத்திய லீ கோப்தால் இந்திய வம்சாவளியில் வந்த ஜமைக்கர் என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியாத செய்தி. 1969-ல் ட்ரோஜனின் கிளை லேபிளான டவுன்டவுனில் டோனி ட்ரைப் என்ற பாடகர் ‘ரெட் ரெட் வைன்’ பாடினார். தயாரித்தவர் டேண்டி லிவிங்ஸ்டன். பிரிட்டிஷ் பட்டியலில் 46-வது இடம். பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனால் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களின் பார்ட்டிகளில் அந்தச் சின்ன ரெக்கார்டு சுற்றிச் சுற்றி ஓடியது. டயமண்டின் பாட்டில் இருந்த அழுகையை ட்ரைப் பாதி உதறிவிட்டுப் பாடினார். இந்த வரலாற்றின் திருப்பம் அங்கேதான் என்பது என் எண்ணம்.

இப்போது பர்மிங்ஹாம். 1978-ல் அங்கே எட்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். வெள்ளையர்களும் கறுப்பர்களும் கலந்த குழு. வேலையில்லாதவர்கள் உதவித்தொகை வாங்கும்போது காட்ட வேண்டிய அட்டையின் பெயர் யூபி40. அதையே குழுவுக்குப் பெயராக வைத்தார்கள், முதல் ஆல்பத்தின் அட்டைப்படமும் அந்த உதவித்தொகை அட்டைதான். வேலையில்லாதவர் எண்ணிக்கை பிரிட்டனில் 30 லட்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்த காலம் அது. பாடகர் அலி கேம்ப்பெல்லும் கிட்டார் வாசித்த ராபின் கேம்ப்பெல்லும் சகோதரர்கள், இயன் கேம்ப்பெல் என்ற நாட்டுப்புறப் பாடகரின் பிள்ளைகள். வீட்டுக்குள் ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல், தெருவில் இறங்கினால் ஜமைக்கா ரெக்கார்டுகள். தாங்கள் சின்ன வயதில் ஆடித் தீர்த்த அந்தப் பாட்டுகளுக்கு நன்றிக்கடன் செலுத்துவதற்காக 1983-ல் ‘லேபர் ஆஃப் லவ்’ என்று ஓர் ஆல்பம் போட்டார்கள். பத்துப் பாட்டும் கவர் பாட்டுகள், அதாவது வேறொருவர் பாடியதைத் தங்கள் பாணியில் திரும்பப் பாடியவை. ஜிம்மி கிளிஃபின் ஒரு பாட்டு, எரிக் டொனால்ட்சனின் ‘செர்ரி ஓ பேபி’, அந்த வரிசையில் ‘ரெட் ரெட் வைன்’.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் நன்றி சொன்னது டோனி ட்ரைப்புக்கு. அமெரிக்காவின் பெரிய பாப் பாடகர் ஒருவரின் பாட்டைப் பாடுகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. ரெக்கார்டின் லேபிளில் எழுதியவர் பெயர் ‘என். டயமண்ட்’ என்று இருந்ததாம். யாரோ நீகஸ் டயமண்ட் என்ற ஜமைக்கர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்களாம். நீகஸ் என்பது எத்தியோப்பிய அரசருக்கான பட்டம், ஜமைக்காவில் பிறந்த ராஸ்டஃபாரி என்ற மத வழியில் இருப்பவர்களுக்கு நெருக்கமான சொல், அதனால் அப்படித் தோன்றியதில் ஆச்சரியமில்லை. இதைச் சொன்னவர் குழுவிலிருந்த ஆஸ்ட்ரோ. அவர்களே சொன்ன கதை என்பது வரைக்கும் உறுதி. ஆனால் மேடைக்காரர்கள் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதைகளுக்கு நான் எப்போதும் கொஞ்சம் தள்ளுபடி கொடுத்துத்தான் கேட்பேன், என் சொந்தக் கதைகளையும் சேர்த்து. டயமண்டை அறியாமல்தான் பாடினார்கள் என்பதை நம்புகிறேன். எட்டுப் பேரும் ஒரே மாதிரி ‘நீகஸ்’ என்று நினைத்தார்கள் என்பதற்குத் தள்ளுபடி.

பிரிட்டனில் அது 1983 செப்டம்பரில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் இருந்தது. அமெரிக்காவில் 1984-ல் 34-வது இடத்தோடு ஓய்ந்தது. நான்கு வருடம் கழித்து, 1988 ஜூன் 11 அன்று, அப்போது சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் 70-வது பிறந்தநாளுக்காக லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஒரு பிரம்மாண்டமான கச்சேரி நடந்தது. யூபி40 அங்கே இந்தப் பாட்டைப் பாடினார்கள். அதையடுத்து அரிசோனா மாநிலம் பீனிக்ஸ் நகரத்தில் ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கை ஸபோலியன் இந்தப் பழைய பாட்டை எடுத்துத் தினமும் ஓட்ட ஆரம்பித்தார். நேயர்களிடமிருந்து போன் மேல் போன். கம்பெனி விழித்துக்கொண்டு பாட்டை மறுபடி இறக்கியது. 1988 அக்டோபர் 15 தேதியிட்ட அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். மண்டேலா கச்சேரியால் வந்த வெற்றியா, அந்த வானொலிக்காரரால் வந்ததா என்று கேட்டால், தேதிகள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. கச்சேரி நினைவூட்டியது, வானொலி விடாமல் தட்டியது என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த 1988 விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் முதலிடம் பிடித்த சிங்கிள் மூன்று நிமிடச் சுருக்கம். ஆல்பத்தில் இருப்பது ஐந்து நிமிடத்துக்கு மேல். அலி கேம்ப்பெல் பாடி முடித்த பிறகு ஆஸ்ட்ரோ உள்ளே வந்து, தாளத்தின் மேல் சரசரவென்று பேச்சும் பாட்டுமாக ஒரு பகுதி சொல்வார். ஜமைக்காவில் இதற்கு டோஸ்டிங் என்று பெயர். சவுண்ட் சிஸ்டம் வைத்துத் தெருவில் ஆட்டம் நடத்திய காலத்தில், மைக்கைப் பிடித்தவர் ரெக்கார்டின் மேலேயே பேசிக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவார். யூ-ராய் போன்றவர்கள் அதை 1970 வாக்கில் ரெக்கார்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ராப் பிறந்ததில் இதற்குப் பங்கு உண்டு. நியூயார்க்கில் அதைத் தொடங்கிவைத்தவர்களில் முக்கியமானவரான டீஜே கூல் ஹெர்க் பிறந்ததே கிங்ஸ்டனில். 1984-ல் அமெரிக்காவுக்குப் போன சிங்கிளில் ஆஸ்ட்ரோவின் பகுதி இல்லை. 1988-ல் அமெரிக்கர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது அந்தப் பகுதி இருந்த பதிப்பை.

பதிவில் இருப்பது இதோடு முடிந்தது. இனி வருவது என் கணிப்பு.

ரெக்கேயில் நம் காது முதலில் தடுமாறுவது தாளத்தில். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தொடையில் தட்டிக்கொண்டே போங்கள். நமக்குப் பழகிய பாட்டில் ‘ஒன்று’ வரும்போது எல்லோரும் சேர்ந்து இறங்குவார்கள். ரெக்கேயின் அடிப்படை நடையில் அந்த ‘ஒன்று’ காலி. டிரம்மின் கனமான அடி மூன்றில்தான் விழும். கிட்டார் இரண்டிலும் நான்கிலும் ‘சக்’, ‘சக்’ என்று சுருக்காக வெட்டிவிட்டு ஒதுங்கிவிடும். ஆக, நாம் கால் வைக்கப் போகிற இடத்தில் ஆள் இல்லை. அந்தக் காலி இடத்தை நிரப்ப உடம்பு தானாகவே கொஞ்சம் சாயும். ரெக்கே கேட்கும்போது தலை ஆடுவது அதனால்தான். இந்தப் பாட்டு ஓடுவது நிமிடத்துக்குச் சுமார் 90 தட்டு வேகத்தில். சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கிற நடை அது. ஆடத் தெரியாதவர்கூட வெட்கப்படாமல் ஆடலாம்.

வாசிக்க ஆரம்பித்த புதிதில் இது எனக்குப் புரியவில்லை. பாட்டு முழுக்கக் கிட்டத்தட்ட மூன்றே கார்டுதான் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்), ஒரு மணி நேரத்தில் தேற்றிவிட்டேன். மேடையில் வாசித்தால் கல்யாண ரிசப்ஷன் பாட்டு மாதிரி கேட்டது. எங்கள் டிரம்மர் ஒவ்வொரு தட்டையும் நிரப்பினார், நானும் இடைவெளி தெரிந்த இடமெல்லாம் இரண்டு சுரம் செருகினேன். கீபோர்டு வாசித்த பெரியவர், கோவாக்காரர், ஒத்திகையில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து என் இடது கையைப் பிடித்துக் கம்பியிலிருந்து தூக்கினார். “இங்கே ஒண்ணும் வாசிக்காதே, தம்பி. காசு கொடுத்தாலும் வாசிக்காதே” என்றார். அடுத்த தடவை அந்த இடத்தில் கம்பியை அமுக்கி ஒலியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் கை அரித்தது. ஆனால் அந்த நிமிடமே பாட்டு ரெக்கே ஆகிவிட்டது. பாஸ் வாசிக்கும் பையன்களுக்கு இன்றைக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது எங்கே கையை எடுக்க வேண்டும் என்பதைத்தான்.

இப்போது வரிகளைத் தாளத்தின் மேல் வைத்துப் பாருங்கள். வரிகளில் ஒருவன் மனம் உடைந்து குடிக்கிறான். தாளமோ கடற்கரையில் கைலியோடு உலாத்துகிறது. டயமண்டின் அசலில் வரியும் இசையும் ஒரே பக்கம் இழுத்ததால் மனம் கனத்துப்போகும், ஒரு தடவை கேட்டால் போதும் என்று தோன்றும். யூபி40-யில் இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. சோகத்தில் இருப்பவருக்கு வரி கிடைக்கிறது, கொண்டாட்டத்தில் இருப்பவருக்குத் தாளம் கிடைக்கிறது. ஒரே ராத்திரியில் ஒரே பாட்டைப் பிறந்தநாள் மேசையிலிருந்தும், மூலையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவரிடமிருந்தும் கேட்டு வாங்கி வாசித்திருக்கிறேன். இரண்டு சீட்டும் என் கையில் ஒன்றாக இருந்தன. அலி கேம்ப்பெல்லின் குரலும் இதற்கு ஒத்துழைக்கிறது. மெலிந்த குரல், மூக்கிலிருந்து வருகிற குரல். அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இந்தப் பாட்டைப் பெரிய குரல்காரர் உருகி உருகிப் பாடினால் கெட்டுவிடும். நாங்கள் முயன்று பார்த்துக் கெடுத்திருக்கிறோம்.

ஆஸ்ட்ரோவின் பகுதி வந்ததும் சோகம் மொத்தமாகக் காலி. அதுவரை கெஞ்சப்பட்ட மது, அங்கே கூடச் சேர்ந்து ஆடுகிற தோழனாகிவிடுகிறது. நாயகன் மூன்றாவது கோப்பைக்கு வந்துவிட்டான் என்று நாங்கள் கேலி செய்வோம். அமெரிக்காவில் முதல் தடவை படுத்த பாட்டு இரண்டாம் தடவை எழுந்ததற்கு இந்தப் பகுதியும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. நிரூபிக்கச் சொன்னால் முடியாது. 1988-ல் அமெரிக்கர்கள் ராப்புக்குப் பழகியிருந்தார்கள், 1984-ல் அந்த அளவுக்கு இல்லை என்ற ஒரு சூழ்நிலை ஆதாரம்தான் கையில் இருக்கிறது.

இதையெல்லாம் ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. தீவிர ரெக்கே ரசிகர்களிடம் யூபி40 என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார்கள். தண்ணீர் கலந்த ரெக்கே, சுற்றுலாக்காரர்களுக்கான ரெக்கே என்பார்கள். 1981-ல் ‘ஒன் இன் டென்’ என்று வேலையின்மையைப் பாடிய குழு இப்படி இனிப்புப் பக்கம் சாய்ந்துவிட்டதே என்ற வருத்தமும் அதில் இருக்கிறது. பாதி நியாயம்தான். ஆனால் ‘காப்பி’ என்கிற குற்றச்சாட்டை நான் ஏற்க மாட்டேன். கவர் பாட்டில் மெட்டும் வரியும் எழுதியவருக்கே சொந்தம், ஒவ்வொரு விற்பனையிலும் உரிமைத்தொகை அவருக்குப் போகிறது. பதிவு மட்டும்தான் பாடியவர்களுடையது. யூபி40 பிறகு பாடிய ‘கிங்ஸ்டன் டவுன்’ பாட்டால் அதை எழுதிய லார்ட் கிரியேட்டருக்கு வயதான காலத்தில் கையில் பணம் வந்தது. ‘ரெட் ரெட் வைன்’ லாபத்தில் டயமண்டுக்கும் பங்கு போனது. அது மட்டுமா, அவர் தன் கச்சேரிகளிலேயே இதை ரெக்கே நடையில் பாட ஆரம்பித்துவிட்டார். பெற்றவரே வளர்த்தவர்கள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டார் என்றால், நாம் யார் அசல் எது என்று சண்டை போட? இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அலி கேம்ப்பெல் 2008-ல் குழுவை விட்டுப் பிரிந்ததில் பிற்பாடு யூபி40 பெயரில் இரண்டு குழுக்கள் ஊர் ஊராகப் போயின. இரண்டு தரப்பும் எழுதாத இந்தப் பாட்டை இரண்டு தரப்பும் பாடின.

கேட்டுப் பார்க்க ஆசையிருந்தால் வரிசை இதுதான்: முதலில் டயமண்டின் 1967 பதிவு, அடுத்து டோனி ட்ரைப், கடைசியில் யூபி40-யின் நீளமான ஆல்பம் பதிப்பு. மூன்றையும் கேட்கப் பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். மாமாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டாவது பாட்டு ஓடும்போது “இதுதான், இதுதான் பாப் மார்லி” என்று அவர் துள்ளி எழுந்தால் உடனே மறுக்காதீர்கள், பாட்டு முடியட்டும்.